பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு லசோட்டா மருந்து எப்படி வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறேன். எங்கள் நாட்டுக்கோழி அடையில் இருக்கிறது, அடுத்த வாரம் குஞ்சு பொரித்துவிடும். போன கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்து எங்கள் தெருவில் பாதிக் கோழிகள் செத்துப்போயின. அதனால் இந்த முறை 7ஆம் நாள் லசோட்டா சொட்டு மருந்து கட்டாயம் போட வேண்டும்.

ஆனால் கடையில் 100 டோஸ் குப்பிதான் கிடைக்கிறது. கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியை வைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவு மருந்தையும் கீழே கொட்ட மனசு வரவில்லை. கொஞ்சமாகக் கோழி வளர்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? பக்கத்து ஊர்களில் யாரிடமாவது இளங்குஞ்சுகள் இருந்தால் சொல்லுங்கள், ஒரே நாளில் சேர்ந்து போட்டுவிடலாம். குப்பியை நானே வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டு வருகிறேன். அப்புறம், கண்ணில் ஒரு சொட்டு போதுமா, மூக்கிலும் விட வேண்டுமா?