மருமகள் மாசிக் கொடைக்கு வராவிட்டால் மரபு போய்விடுமா?

தக்கலைக்காரன்:
குமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலைப் பெண்களின் சபரிமலை என்பார்கள். மாசிக் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் இருமுடி கட்டிப் போவது தலைமுறை வழக்கம். இந்த ஆண்டு மருமகளுக்கு விடுப்பு இல்லையாம். அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பத்தைக்கூட விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள். வேலைக்குப் போக வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்காக வழக்கத்தை விடுவதா?

குலசேகரம் செவிலி:
அண்ணாச்சி, நானும் ஒரு வீட்டுக்கு மருமகள்தான். இரவுப் பணி முடிந்து பஸ் பிடித்து வந்து, சிறுபயறு வேகவைத்து, பச்சரிசி மாவில் வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆவியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகும் வாடை கிணற்றடி வரை வந்தது. உள்ளே இருந்த மூன்று ஆண்களில் ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை. வழக்கம் வீட்டுக்குரியது என்றால் மாவு பிசைவது மட்டும் ஏன் மருமகள் பொறுப்பு?

தக்கலைக்காரன்:
என் அம்மா வயல்வேலையும் பார்த்து இதையும் செய்தாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

குலசேகரம் செவிலி:
உங்கள் காதில் விழவில்லை என்று சொல்லுங்கள்.

நாஞ்சில் மூத்தவள்:
தம்பி, இந்த மாவட்டத்தில் வழக்கம் என்ற பேச்சைச் சற்று யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இந்து நாடார் பெண்களும் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததே 1859-இல்தான். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை! எங்கள் நாஞ்சில் வேளாளரிடம் காரணவர் என்ற குடும்பத் தலைவரின் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1926-இல் வந்த சட்டம் அதையும் மாற்றியது.

பறக்கை வாசகர்:
அம்மா, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த மருமக்கள்வழி முறையில் சொத்து பெண்வழியாக இறங்கியது. புதுமை என்று அதைக் கைவிட்டதில் பெண்ணுக்கு என்ன லாபம்?

நாஞ்சில் மூத்தவள்:
பெண்வழியாக இறங்கியது, சரி, ஆண்டது காரணவர். அவர் கண்மூடினால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். கவிமணி தம் ‘மருமக்கள்வழி மான்மியம்’ நூலில் காரணவரின் ஐந்தாம் மனைவியை விட்டுத்தானே புலம்ப வைத்தார்? இப்போது மட்டும் என்ன? 1989-லேயே மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு, “சீதனம் கொடுத்தாயிற்றே” என்று, சொத்தில் பங்கு வேண்டாம் என எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். என் தங்கைக்குப் பேனாவைத் திறந்து கொடுத்ததே அண்ணன்தான்.

குலசேகரம் செவிலி:
பெண் பார்க்க வரும்போது வேலையில் இருக்கிறாளா என்று கேட்கிறார்கள். அடுத்த மூச்சில் எத்தனை பவுன் என்கிறார்கள். பழமையும் புதுமையும் சேர்ந்து வேண்டியிருப்பது யாருக்கு?

தக்கலைக்காரன்:
சீதனம், பத்திரம் என்று எங்கேயோ போகிறீர்கள். நான் கேட்டது கொடையைப் பற்றி.

குலசேகரம் செவிலி:
சரி, கொடைக்கே வருவோம். உங்கள் மகன் விடுப்பு எடுத்தாரா?

தக்கலைக்காரன்:
அவன் வங்கியில் இருக்கிறான். மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரத்தில் எப்படி விடுப்பு எடுப்பான்?