ரோமர் 9–11: சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துவிட்டதா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

வாலிபர் வேதபாடத்தில் நாலு வாரம், பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதின நிருபத்தில் 9–11 அதிகாரங்களை நடத்தணும். "யூதரைத் தேவன் தள்ளிட்டார், இனி சபைதான் இஸ்ரவேல்" என்று பாதிப் பேர். "இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு வேறு திட்டம்" என்று மீதிப் பேர். ரெண்டு பக்கமும் கையில் வசனம் இருக்கு. எங்கே தொடங்கணும், எப்படிப் பிரிக்கணும்? தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்திலிருந்து நீக்கப்பட்டு வேறு ஜனங்களுக்குக் கொடுக்கப்படும் என்று இயேசு சொன்ன மத்தேயு 21:43-ஐக் காட்டினால் என்ன சொல்ல?

பதில் (கடலூர் ஓ.டி.)

பிரதர், மூன்று அதிகாரமும் ஒரே வாதம். ஒன்பதோடு நிறுத்தினால் முதல் கூட்டம் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு பகுதி: 9:1–29, 9:30–10:21, 11:1–24, 11:25–36. முதல் நாளே 9:1–5-ஐச் சத்தமாக வாசிக்க வையுங்கள். உடன்படிக்கைகளும் வாக்குத்தத்தங்களும் "அவர்களுடையவைகளே" என்கிறார் பவுல். விசுவாசியாத தன் ஜனத்தைப் பற்றித்தான், மனவேதனையோடு, இப்படி எழுதுகிறார்.

பின்னணியும் வேண்டும். ஏறக்குறைய கி.பி. 49-இல் கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியைவிட்டுப் போகக் கட்டளையிட்டான் (அப். 18:2). அவன் 54-இல் இறந்தபின் அவர்கள் திரும்பியபோது, சபை புறஜாதியார் (யூதரல்லாதவர்) கையில் இருந்திருக்கும் என்பது பல உரையாசிரியர்கள் கருத்து. நிருபம் சுமார் 57-இல் எழுதப்பட்டது. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது" (11:18) யாரைப் பார்த்துச் சொன்னது என்பது அப்போது விளங்கும்.

மூன்றாம் வாரத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தேவஜனத்துக்கு உவமையாகப் பவுல் சொல்லும் ஒலிவமரத்தை (11:17–24) கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். முறிந்தது "சில" கிளைகள்தான். காட்டொலிவக் கிளை ஒட்டப்பட்டது அதே மரத்தில். முறிந்தவற்றைத் திரும்ப ஒட்டத் தேவன் வல்லவர் (11:23). மரத்தையே வெட்டிவிட்டு வேறொன்றை நட்டதாகச் சொல்பவரும் சரி, ரெண்டு மரம் என்பவரும் சரி, இந்தப் படத்துக்குள் அடங்கமாட்டார்கள். ரெண்டு திட்டம் என்ற போதனை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரிடம் உருவாகி, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகளால் பரவியது. வரலாற்றை ஏழு யுகமாகப் பிரித்துக் காட்டும் அவர்களுடைய படத்தை வைத்துப் பாடத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள்; அப்புறம் பவுல் பேசவே இடம் கிடைக்காது.

மத்தேயு 21:43-க்கு ரெண்டு வசனம் தள்ளி வாசித்தால் போதும். தங்களைக் குறித்துச் சொன்னார் என்று அறிந்தவர்கள் பிரதான ஆசாரியரும் பரிசேயரும். அது தலைவர்கள்மேல் வந்த தீர்ப்பு.

11:26-இல் கட்டாயம் தடுமாறுவார்கள். "இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்பதில் வரும் இஸ்ரவேலை, 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழுச் சபையாக எடுத்தார். முந்தின வசனத்தில் யூத ஜனத்தைக் குறித்த அதே பெயர் அடுத்த வரியிலேயே மாறுமா? எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்ல என்னும் 9:6 அவர் பக்கம் நிற்கிறது, அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

பதில் (நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 28-10-1965 அன்று வெளியிட்ட, பிற சமயங்களைப் பற்றிய 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கையின் நான்காம் பகுதி, திருச்சபையைப் புதிய இறைமக்கள் என்று சொல்கிறது. அதே மூச்சில், யூதரைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக்கூடாது என்கிறது. ஆதாரம் உரோமையர் 11 தான். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த "விசுவாசமற்ற" என்ற அடைமொழியைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இலேயே எடுத்துவிட்டார். 2015-இல் வந்த வத்திக்கான் ஆவணம் இன்னும் தெளிவு: பதிலீட்டுக் கொள்கையையும் (இஸ்ரயேலின் இடத்தைத் திருச்சபை பிடித்துவிட்டது என்பது) ஏற்கவில்லை, கிறிஸ்து இல்லாத இரண்டாவது மீட்பு வழி உண்டு என்பதையும் ஏற்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் கடினம். வாலிபர்களிடம் அதை அப்படியே சொல்லலாம்.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

நாலாம் வாரம் யாராவது, உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன் என்று தேவன் ஆபிரகாமிடம் சொன்ன ஆதியாகமம் 12:3-ஐச் சொல்லி, 1948-இல் பிறந்த இஸ்ரேல் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கவே கூடாது என்பார். ரோமர் 9–11 எந்த அரசாங்கத்தையும் பற்றிப் பேசவில்லை. 9:4-இல் வரும் பட்டியலில் தேசமும் தனியாக இல்லை. தீர்க்கதரிசிகளே இஸ்ரவேலின் ராஜாக்களைக் கண்டித்தார்கள். அந்த மண்ணில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் அதே மரத்தின் கிளைகள். இந்தக் கேள்விக்குக் கடைசிப் பதினைந்து நிமிஷம் தனியாக வையுங்கள், 11:33–36-இன் துதியை வாசிப்பதற்கு முன்னாலேயே.