ஆறரை மணி வகுப்பில் மட்டும் அறுந்துபோகும் வைஃபை

பாளை டீச்சர் (பாளையங்கோட்டை):

மூன்று வாரமாக இதே தலைவலி. மாலை ஆறரைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்கு நடத்துகிறேன். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை எழுதிவிட்டுத் திரும்பினால் திரையில் ஒரு பிள்ளையும் இல்லை. இரண்டு நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. நேற்று ஒரே வகுப்பில் நான்கு முறை. "டீச்சர், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டீர்கள்" என்று ஒருவன் சிரிக்கிறான்.

பகலில் ஒரு தொல்லையும் கிடையாது. புகார் கொடுத்ததற்கு ஒரு பையன் காலை பதினோரு மணிக்கு வந்து, வேகத்தைச் சோதித்து, "100 வருகிறதே அம்மா" என்று காட்டிவிட்டுப் போய்விட்டான். ஆறரைக்கு வா தம்பி என்றால், அவனுக்கு வேலை நேரம் ஆறு வரைதானாம்.

ரூட்டர் ஹாலில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. தூசி படக்கூடாது என்று என் மாமியார் அதற்குப் பூ வேலை செய்த துணி போர்த்திவிடுகிறார். நான் எடுத்தால் மறுநாள் மறுபடி ஏறிவிடும். பாடம் நடத்துவது அடுத்த அறையில். நடுவில் சுவரோடு ஒட்டி இரும்பு பீரோ. புது ரூட்டர் வாங்கிவிடலாமா?

வடபழனிவாசி:

வாங்காதீர்கள், பொறுங்கள். மாலையில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் சேர்ந்து நெரிசலாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது வைஃபை ஓடும் தடங்கள், 1, 6, 11 மூன்றுதான். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போய், 'ஆட்டோ' என்பதை மாற்றி, கூட்டம் குறைந்த சேனலில் வையுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். முதலில் அந்தத் துணியை எடுங்கள், சூடாகும்.

பாளை டீச்சர்:

11-இல் வைத்தேன். துணியையும் எடுத்து ஒளித்துவிட்டேன். இன்று மூன்று முறை போனது. நான்கு மூன்றானதை முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

கம்பிக்காரர்:

அம்மா, ஒரே ஒரு கேள்வி. அறுந்துபோகும் நேரத்தில் கைப்பேசியில் உங்கள் வைஃபையின் பெயர் தெரிகிறதா, பெயரே காணாமல் போகிறதா? பெயர் இருந்து இணையம் மட்டும் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஃபைபரில். அப்போது 'லாஸ்' (LOS, ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) விளக்கு சிவப்பாக எரியும்; மஞ்சள் ஃபைபர் வயர் எங்காவது மடிந்திருக்கும். பெயரே போனால் கோளாறு வீட்டுக்குள். நாளை யாரையாவது விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

பாளை டீச்சர்:

மாமியாரையே காவலுக்கு உட்கார வைத்தேன். தொலைக்காட்சித் தொடரை விட்டுவிட்டுப் பார்த்தார், அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. "எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்தது, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தது" என்றார். பெயரும் மறைந்துபோனது.

கம்பிக்காரர்:

அப்படியானால் இது சிக்னல் பிரச்சினையே இல்லை. ரூட்டர் அணைந்து மறுபடி கிளம்புகிறது. சேனல் நெரிசல் விளக்கை அணைக்காது. ரூட்டரின் அடியிலும் அடாப்டரின் மேலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள்.

வடபழனிவாசி:

மாலையில் மின்னழுத்தம் குறைவதாலும் இருக்கலாமே?

கம்பிக்காரர்:

தம்பி, இந்த அடாப்டர்களில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும். விளக்கு கொஞ்சம் மங்கினாலும் அது தாங்கும்.

பாளை டீச்சர்:

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரூட்டரில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர். அடாப்டரில் 12 வோல்ட், 0.5 ஆம்பியர். ஐப்பசி மழையில் ஓர் இரவு இடி இடித்தபோது பழைய அடாப்டர் போய்விட்டது. பரணில் கிடந்த செட்டாப் பாக்ஸின் அடாப்டரை என் கணவர் எடுத்துச் செருகினார். பின் (செருகும் முனை) பொருந்தியதாம், அதனால் சரியாம். கணக்கு டீச்சர் வீட்டில் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

கம்பிக்காரர்:

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் ரூட்டர் கேட்பது 18 வாட், அடாப்டரில் கிடைப்பது 6 வாட். பகலில் ஒரு கைப்பேசி மட்டும் என்றால் எப்படியோ ஓட்டிவிடும். மாலையில் உங்கள் மடிக்கணினி, டிவி, பிள்ளைகளின் கைப்பேசி எல்லாம் சேர்ந்தால் ரூட்டர் அதிக மின்சாரம் இழுக்கும். அடாப்டர் திணறி அழுத்தம் சரியும், ரூட்டர் அணையும். புதிதாக வாங்கும்போது வோல்ட் அதே 12 இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படத்தையும் ஒத்துப் பாருங்கள். பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பாளை டீச்சர்:

12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர், 250 ரூபாய். ஐந்து நாளாக வகுப்பு ஒருமுறைகூட நிற்கவில்லை. சிரித்த பையனுக்குத் தேர்வு வைத்துவிட்டேன். துணி இப்போது மிக்சிக்குப் போய்விட்டது.

பீரோவுக்குப் பின்னால் வேகம் இன்னும் குறைவுதான். அதை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். கணவர் ஞாயிற்றுக்கிழமை என்கிறார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.