கஃப்ரிஞ்ஞாவும் பிள்ளையார் பாட்டும்

மட்டக்களப்பில், ஐரோப்பியர் வழிவந்த ஒரு பறங்கியர் வீட்டுக் கலியாணத்துக்கு மாப்பிள்ளையின் கூட்டாளியாகப் போயிருந்தேன். எங்களூர்ப் பறங்கியர் நம்மோடு தமிழ்தான் பேசுவார்கள். வயசானவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கீசக் கிரியோல், அதாவது போர்த்துக்கீசத்திலிருந்து பிறந்த கலப்பு மொழி. 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததோடு இங்கே போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. அந்தக் காலத்துச் சோடி ஆட்டமான கஃப்ரிஞ்ஞா முடியவில்லை.

சாப்பாடு ஆனதும் சோடி சோடியாக எழும்பினார்கள். வயலின் வாசித்தவர் தச்சு வேலை செய்யும் ஒரு அங்கிள். நான் சப்பணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றிக் கர்நாடக இசை படித்தவன். அவர் நின்றபடி, வில்லைச் சின்னச் சின்னதாக வெட்டி இழுத்தார். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் துளியும் இல்லை. விரல் விட்டு எண்ணினேன், மும்மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடையேதான்!

நான் எண்ணுவதைக் கண்டுவிட்டார். "வாசிக்கத் தெரியுமா மகன்?" என்று வயலினை நீட்டினார். சுருதி மேல்நாட்டு முறை. கேட்டுக்கொண்டு மேல் தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினேன், ஸ-ப-ஸ-ப வந்துவிட்டது. சரி, எதை வாசிப்பது? தாளமில்லாத ஆலாபனை தொடங்கினால் ஆடுகிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். 'சக்தி ஸஹித கணபதிம்' எடுத்தேன். ஆங்கிலேய பாண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரண ராகத்தில் முத்துசுவாமி தீட்சிதர் செய்த நொட்டுஸ்வரங்களில் ஒன்று. (வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய தம்பி பாலுசுவாமி.) கொஞ்சம் வேகம் கூட்டினேன். ஒரு சோடிகூடக் காலை நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை அங்கிள் கைதட்டித் தாளம் பிடித்தார். பிள்ளையார் பாட்டு என்று அப்புறம்தான் சொன்னேன். "ஆட்டத்துக்கு நல்ல பாட்டு, இன்னொருக்கா வாசி" என்றார்.

பதில்:

கஃப்ரிஞ்ஞா என்றதும் சிரம்பியடி ஞாபகம் வந்தது. புத்தளம் பக்கம். காலனி ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இருக்கும் ஊர். அங்கே பாடுவதை மன்ஜா என்பார்கள். வயலின் எல்லாம் கிடையாது. சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி, மேளம். மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் ஏறும். பேச்சு சிங்களம், பாட்டு கிரியோல். ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டேன், பாடிய பெண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் பாட்டு முழுக்க மனப்பாடம்! உங்கள் தச்சு அங்கிளை அங்கே கூட்டிப்போனால் அர்த்தமும் கேட்கலாம், வயலினுக்கும் ஆள் கிடைத்துவிடும்.