கைக்குழந்தைக்குத் தினக்குறிப்பு எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதல் குழந்தையின் அம்மா:

பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் டயப்பர், ஏப்பம், தூக்கம், சொட்டு மருந்து. "கடைசியாக எப்போது குடித்தான்?" என்று யாராவது கேட்டால் நான் ஒரு நேரம் சொல்வேன், கணவர் வேறு நேரம் சொல்வார். இரண்டு பேருமே அடித்துச் சொல்வோம், அதுதான் வேடிக்கை. அதனால்தான் ஒரு நோட்டு போட்டோம்.

ஆரம்பத்தில் பக்கம் முழுக்கக் கட்டம் போட்டேன், விக்கலுக்குக்கூட ஒன்று. பாதிக் கட்டங்கள் காலியாகவே கிடந்தன. கடைசியில் நிலைத்தவை நான்குதான்: நேரம், பால், டயப்பர், மற்றவை. பாலுக்குக் குடிக்கத் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை. முடித்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் இடைவெளி தானாக நீண்டுவிடும். பக்கத்தில் 'வ' அல்லது 'இ' என்று ஓர் எழுத்து, எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதற்கு.

ஆனால் உண்மையில் உதவியது டயப்பர் கட்டம். தாய்ப்பால் எவ்வளவு உள்ளே போகிறது என்று கண்ணால் அளக்க முடியாது, வெளியே வருவதைத்தான் எண்ண முடியும். முதல் நாள் ஒரு ஈர டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாறு நாளுக்குள் தினமும் குறைந்தது ஆறு வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். மலம் முதலில் பிசுபிசுப்பான கருப்பு, அப்புறம் பச்சை, நான்கைந்து நாளில் மஞ்சள்.

முதல் பரிசோதனையில் எடை, பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. டாக்டர் நோட்டை வாங்கி டயப்பர் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தார். "முதல் சில நாளில் எடை இறங்குவது வழக்கம்தான். 10 சதவீதத்தைத் தொட்டால் கவலைப்படுவோம், இது அவ்வளவு இல்லை. ஈரம் ஏறுகிறது, மலமும் மஞ்சளாகிவிட்டது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடுகிறானா பார்ப்போம்" என்றார். "நல்லா குடிக்கிறான் டாக்டர்" என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு தெளிவாகப் பதில் கிடைத்திருக்காது.

இரவு முறை பார்த்த அப்பா:

எங்கள் வீட்டில் நோட்டு என்பது முறை மாற்றிக்கொள்ளும் இடம். நள்ளிரவு வரை மனைவி, அதற்குப் பிறகு நான். அவரை எழுப்பிக் கேட்பதற்குப் பதில் நோட்டைப் பார்ப்பேன்.

பாலும் தூக்கமும் ஒன்றிரண்டு விட்டுப்போனால் குடி முழுகிவிடாது. மருந்து அப்படியில்லை. கொடுத்த கையே உடனே எழுத வேண்டும், அதில் சமரசம் கிடையாது. தடுப்பூசி போட்ட அன்று லேசான காய்ச்சல். பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று டாக்டர் எடைக்கேற்ப அளவு எழுதித் தந்திருந்தார். என் முறை வந்தபோது உடம்பு இன்னும் சுட்டது, கை பாட்டிலுக்குப் போய்விட்டது. நோட்டில் சற்று முன்னால்தான் கொடுத்ததாக இருந்தது. டாக்டர் சொல்லியிருந்த இடைவெளி முடியும் வரை காத்திருந்தேன்.

இன்னொன்று: 'மருந்து கொடுத்தாச்சு' என்று மட்டும் எழுதாதீர்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே மருந்தாக இருந்தாலும் அடர்த்தி வேறு. எந்த பாட்டில், எத்தனை மில்லி, எத்தனை மணி, மூன்றும் வேண்டும். துப்பிவிட்டான் என்றால் அதையும் எழுதுங்கள், தெரியாமல் அடுத்தவர் மறுபடி ஊட்டிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) வந்தால், எழுதிவைத்து அடுத்த வாசிப்புக்குக் காத்திருக்கிற வேலையே வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எழுதுவதை நிறுத்திய அம்மா:

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்தேன். நான் வைத்திருந்தது செயலி. தூக்கத்தைக் கூட்டி வரைபடம் போட்டுக் காட்டும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று படித்திருந்தேன். என் மகளுக்குக் கோடு அதற்குக் கீழேயே நிற்கும். அவள் குடித்தாள், எடை ஏறினாள், விழித்திருந்தால் சுறுசுறுப்பாகப் பார்த்தாள். குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. நான்தான் அவள் தூங்கும்போது தூங்காமல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆறாவது வாரத்தில் மாலையானால் ஒரே அழுகை, மடியை விட்டு இறங்காமல் குடித்துக்கொண்டே இருப்பாள். பால் போதவில்லையோ என்று எல்லோருக்கும் சந்தேகம், எனக்குந்தான். பதிவைப் புரட்டினால் தினமும் அதே மாலை வேளை, அதே மாதிரி, டயப்பர் ஒன்றும் குறையவில்லை. அந்த வயதில்தான் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். அதோடு செயலியை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு சில நாள் மலமே போகாமல் இருந்தாள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஆறு வாரத்துக்கு மேல் அது சகஜம், போகும்போது இளக்கமாகப் போனால் சரி. செயலி இருந்திருந்தால் காலிக் கட்டத்தைப் பார்த்தே எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

எடை சீராக ஏறுகிறது, டாக்டரும் திருப்தி என்றால் நோட்டை மூடிவிடலாம் என்பது என் கட்சி.

இரட்டையரின் அப்பா:

மூடலாம், ஒரு குழந்தை என்றால்! எங்களுக்கு இரண்டு. அழுதவனுக்கே இரண்டு தடவை பால் போய், அமைதியாகப் படுத்திருப்பவன் பட்டினி கிடக்கும் அபாயம் உண்டு. ஒரே பக்கத்தில் நடுவே கோடு, ஒருவனுக்கு நீல மை, மற்றவனுக்குச் சிவப்பு. குறைமாதத்தில் பிறந்தவர்கள் என்பதால் பக்கத்தின் தலைப்பில் இரண்டு வயது எழுதுவோம்: பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிரசவத் தேதி குறித்திருந்த நாளிலிருந்து ஒன்று. எப்போது குப்புற விழுவான், எப்போது சிரிப்பான் என்பதை இரண்டாவது வயதை வைத்துத்தான் டாக்டர் பார்ப்பார்.

வைட்டமின் டி சொட்டுதான் பெரிய தலைவலி. ஒவ்வொருவனுக்கும் ஒரு நாளைக்கு 400 யூனிட் என்று எழுதித் தந்திருந்தார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியவில்லை, நோட்டிலும் டிக் இல்லை என்றால் அன்றைக்கு அவனுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவோம். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, மறுநாள் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது என்று கேட்டு வைத்துக்கொண்டோம். பேனா மட்டும் தொட்டில் கம்பியில் கயிற்றோடு கட்டாதீர்கள், குழந்தை அருகில் கயிறு ஆபத்து. நாங்கள் நோட்டின் முதுகிலேயே செருகி வைக்கிறோம், இருந்தும் சிவப்புப் பேனாதான் எப்போதும் காணாமல் போகிறது.