நிறுத்தி வைத்த கேம்பர் தொட்டில் மாதிரி ஆடுகிறது, என்ன செய்யலாம்?

கெப்காரன் (வெள்ளவத்தை)
டபள் கெப்பின் பின்தட்டில் கேம்பர் பெட்டி (படுக்கைகளோடு கூடிய சின்ன வீடு மாதிரி) ஏற்றி ஆறு மாதமாகிறது. ஓடும்போது சமாளிக்கலாம். நிறுத்திவிட்டுப் படுத்தால்தான் தொல்லை. மேல் படுக்கையில் மனைவி புரண்டால் கீழே எனக்கு வள்ளத்தில் கிடப்பது போல இருக்கிறது. முன்பின் ஆட்டம் இல்லை, இடமும் வலமும்தான். போன மாதம் ஒரு கராஜில் சொன்னதைக் கேட்டுப் பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக இரண்டு காற்றுப் பை போட்டேன் (விபத்தில் வெடிக்கும் பை இல்லை). அதற்குப் பிறகு ஆட்டம் கூடினது போலத்தான் தெரிகிறது.

கொட்டாஞ்சேனை லொறி
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பின்பக்கம் செசிக்கு (வண்டியின் அடிச்சட்டம்) கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜெக். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையதே கிடைக்கும். வண்டியைத் தூக்க வேண்டாம், ஜெக் கொஞ்சம் பாரம் வாங்கினால் போதும். ஸ்பிரிங் ஆட்டம், டயர் ஆட்டம் இரண்டும் அதோடு அடங்கும். காற்றுப் பை, அந்தப் பை, இந்தப் பை என்று கராஜில் காசைக் கொட்டாதீர்கள்.

பழைய ஸ்பனர்
தம்பி, இரவு இரண்டு மணிக்கு மழை பெய்யும்போது செசிக்குக் கீழே படுத்து ஜெக் திருகிப் பார்த்தவன் நான். ஒருநாள் செய்யலாம், ஒவ்வொரு நாளும் முடியாது. நோய் ஸ்பிரிங்கில் இருக்கிறது, மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

கெப்பின் பின் ஸ்பிரிங்கைக் குனிந்து பாருங்கள். மேலே வளைந்த பிளேட்கள், அடியில் தடித்த ஒரு பிளேட், நடுவில் இடைவெளி. பாரம் ஏறி அந்த இடைவெளி மூடினால்தான் தடித்த பிளேட் வேலைக்கு வரும். அதுவரை மெல்லிய பிளேட்கள்தான் எல்லாவற்றையும் சுமக்கின்றன, ஆடாமல் என்ன செய்யும்? இடைவெளியில் கெட்டியான ரப்பர் கட்டை வைத்தால் தடித்த பிளேட் முதலிலேயே பிடித்துக்கொள்ளும். போதாவிட்டால் பின் அக்சிலுக்குச் சரிவுத் தடி (வண்டி ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும் இரும்புத் தடி) போடலாம். பல கெப்களில் பின்னால் அது வருவதில்லை.

கொட்டாஞ்சேனை லொறி
ஐயா, சரிவுத் தடி வளைவில் திரும்பும்போது வேலை செய்கிற சாமான். நிற்கிற வண்டிக்கு அதனால் என்ன பிரயோசனம்?

மொறட்டுவை மூன்றாம் வருடம்
அண்ணா, சில்லு சுற்றுகிறதா இல்லையா என்பது தடிக்குத் தெரியாது. ஒரு பக்கம் தாழ்ந்து மற்றப் பக்கம் உயர்ந்தால் அது முறுக்குப்படும், முறுக்குப்பட்டால் எதிர்க்கும். நின்றாலும் அதே கணக்குத்தான். நீங்கள் சொல்வது சொக் அப்சோபருக்குத்தான் ஓரளவு பொருந்தும். அது வேகத்தைத்தான் எதிர்க்கும், ஒருவர் மெதுவாகப் புரண்டால் அவ்வளவாகத் தடுக்காது. ஆட்டத்தைத் தணிக்கவே புது சொக் வாங்குகிறவர்கள் ஏமாறுவது அதனால்தான்.

ஆனால் தடி நிற்பது அக்சிலுக்கும் செசிக்கும் நடுவில். அதற்குக் கீழே டயர் நசுங்குவதை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தில் ஜெக் கட்சிக்கு என் வாக்கு.

தேயிலைக்காரி
ஜெக் என்றதும் சிலர் கேம்பர் பெட்டியின் நான்கு கால்களையே இறக்கிவிடுவார்கள். நாங்களும் நுவரெலியாவில் அதைத்தான் செய்தோம். ஈர மண், விடியும்போது ஒரு கால் புதைந்து பெட்டி சரிந்திருந்தது. இப்போது தடித்த பலகை இல்லாமல் கால் இறக்குவதில்லை. பலகையை அடுக்கினால் காலை நீளமாக இழுக்கவும் தேவையில்லை. நீட்டின கால் தானே ஆடும்.

இன்னொன்று. பெட்டியைக் கெப்போடு இழுத்துக் கட்டியிருக்கும்போது கால்களால் தூக்கக் கூடாது. கால் மேலே தள்ளும், கட்டு கீழே இழுக்கும், நடுவில் பெட்டிதான் கிழியும். எங்கள் பெட்டியில் ஒரு பிடிப்புக் கழன்று போனது இப்படித்தான். நிலத்தைத் தொட்டுக் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

பழைய ஸ்பனர்
தேயிலைக்காரிப் பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

கெப்காரன், சண்டையை விட்டுவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். சமநிலத்தில் நிறுத்தி, ஒருவரை உள்ளே இடமும் வலமும் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே நின்று மூன்று இடம் பாருங்கள். அக்சிலுக்கும் செசிக்கும் இடையிலான தூரம் மாறினால் ஸ்பிரிங். ரிம் நிலத்துக்குக் கிட்டப் போய் வந்தால் டயர். பெட்டிக்கும் பின்தட்டுச் சுவருக்கும் இடைவெளி மாறினால் கட்டு தளர்ந்திருக்கிறது. அப்புறம் காற்றுப் பைகளுக்கு ஒரு குழாயா, இரண்டு குழாயா?

கெப்காரன்
இன்று காலை ஒழுங்கைக்குள் வைத்துப் பார்த்தேன். மகன் உள்ளே நின்று ஆட, பக்கத்து வீட்டு ஆட்கள் மாடியிலிருந்து சிரிக்க, ஒரு மாதிரி அளந்து முடித்தேன். ஆட்டத்தில் பெரும்பங்கு அக்சிலுக்கும் செசிக்கும் இடையில். டயரிலும் கொஞ்சம் தெரிகிறது. கட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது.

காற்றடிக்க ஒரே வால்வுதான் இருக்கிறது. குழாய் நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பைக்கும் போகிறது.

பழைய ஸ்பனர்
அதுதானே பார்த்தேன்! வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பையின் காற்று வலப்பைக்கு ஓடிவிடும். எதிர்க்க வேண்டிய பை சாய்வுக்கு வழிவிடுகிறது. அது மட்டுமில்லை, பை வண்டியைத் தூக்கினதால் நான் சொன்ன இடைவெளி இன்னும் திறந்திருக்கும், தடித்த பிளேட்டுக்கு வேலையே இருந்திருக்காது. பைக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. சின்னச் செலவு.

கொட்டாஞ்சேனை லொறி
சரி, அதை மாற்றட்டும். மிச்ச ஆட்டத்துக்கு என்ன பதில்?

கெப்காரன்
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். குழாயைப் பிரித்தாயிற்று. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. மேலே அவர் புரண்டால் இன்னும் தெரியும், ஆனால் தூக்கம் கலைவதில்லை. டயருக்குக் காற்றைக் கூட்டலாமா?

மொறட்டுவை மூன்றாம் வருடம்
கூட்டலாம், டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். கார் வகை டயர் என்றால் பக்கச்சுவர் மெல்லியது, காற்றால் மட்டும் பெரிதாக மாறாது. பாரம் தாங்கும் 10 பிளை எல்.டி. (சிறு லொறி வகை) டயர்களில் 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வரை அனுமதிப்பதுண்டு. டயர் மாற்றும் காலம் வரும்போது யோசியுங்கள், இதற்கென்று இப்போதே வாங்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை லொறி
நாலு டயர் விலை எங்கே, இரண்டு ஜெக் விலை எங்கே?

பழைய ஸ்பனர்
முதலில் ரப்பர் கட்டை. ஜெக் வைப்பதென்றால் சில்லு உருளாமல் அடைகட்டை வைத்துவிட்டு வையுங்கள். அதை நம்பி வண்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. காலையில் கழற்ற மறந்து வண்டியை எடுத்த ஆட்களையும் கண்டிருக்கிறேன்.

கெப்காரன்
ரப்பர் கட்டை வெட்டக் கொடுத்திருக்கிறேன். ஐயா கோபிக்க வேண்டாம், பஞ்சிகாவத்தைப் பக்கம் போனபோது ஒரு ஜெக்கும் வாங்கிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை லொறி
ஒன்றா? அப்போ அக்கா எந்தப் பக்கம் புரள்வார் என்று முதலே கேட்டு வையுங்கள்.