முகப்பு விளக்கில் விழும் மங்கலுக்கு ஒரு சொல்: வெயிற்பூ

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் முகப்பு விளக்கு மஞ்சளாகி மங்கிப்போவதையும் அதை வீட்டிலேயே சரிசெய்வதையும் பற்றிக் கையேடு எழுதும் நண்பர் சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை மங்கல், விளக்கு மூட்டம், மஞ்சளாக்கம், ஆக்சிஜனேற்றப் படலம். சரிசெய்யும் வேலைக்கு மீட்டமைப்பு, புதுப்பித்தல். நான் பார்ப்பது ஒன்றைத்தான். கையேட்டைப் படிப்பவருக்கு, வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை) கையில் எடுக்கலாமா கூடாதா என்பது அந்தச் சொல்லிலேயே தெரியவேண்டும்.

'மங்கல்' இதைச் சொல்லாது. விளக்கு பல காரணங்களால் மங்கும். வெளிப்பக்கம் வெயில் பட்டுக் கெடுவது ஒன்று. டூமுக்குள், அதாவது விளக்குக் கூட்டுக்குள், ஈரம் புகுந்து உள்பக்கம் ஆவி படிவது இன்னொன்று. உள்ளே ஒளியைத் திருப்பி முன்னே அனுப்பும் ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போய்விடுவதும் உண்டு. வெளியே நின்று பார்த்தால் மூன்றும் 'வெளிச்சம் பத்தல' என்ற ஒரே குறைதான். ஆனால் உப்புத்தாள் தேய்த்துத் தீர்வது முதலாவது மட்டும். மற்ற இரண்டுக்கும் எவ்வளவு தேய்த்தாலும் நல்ல மேற்பரப்பைக் கெடுத்ததுதான் மிச்சம்.

'மூட்டம்' நல்ல சொல், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மூடுபனி விளக்கு என்று ஏற்கெனவே ஒன்று இருப்பதால் 'விளக்கு மூட்டம்' குழப்பம் தரும். உள்ளே ஆவி படிவதற்கு 'உள்மூட்டம்' என்று வைத்துக்கொண்டால் கச்சிதமாகப் பொருந்தும். ரிஃப்ளெக்டர் கெடுவதற்கு இப்போதைக்குத் தனிச்சொல் தேவையில்லை.

வெளிப்பக்க மங்கலுக்கு வருவோம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்து வட்ட விளக்குகளில் இந்தத் தொல்லையே கிடையாது, அவை கண்ணாடி. இன்றைய மூடி பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியில் பேயரிலும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலும் தனித்தனியே உருவான பிளாஸ்டிக் இது. அமெரிக்கக் கார்களில் 1980-களிலும் ஐரோப்பாவில் 1990-களிலும் முகப்பு விளக்குக்கு வந்தது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் புறஊதாக் கதிரையும் கீறலையும் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே கெட்டியான காப்புப் பூச்சு ஒன்று கொடுக்கிறார்கள். வெயிலும் தூசியும் சேர்ந்து அந்தப் பூச்சைத் தின்றபிறகு, கதிர் நேராகப் பிளாஸ்டிக்கின் மேல் விழுகிறது. ஒளியால் மூலக்கூறு அமைப்பே மாறுகிறது, ஆக்சிஜனேற்றமும் நடக்கிறது. மேற்பரப்பு மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்பு விடுகிறது. விளக்கின் ஒளி அந்த வெடிப்புகளில் பட்டு நாலா பக்கமும் சிதறும். சாலையில் வெளிச்சம் குறைவதோடு, எதிரே வருபவரின் கண்ணும் கூசும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான டிரிபிள் ஏ 2018-இல் வெளியிட்ட சோதனையில், மிகவும் கெட்டுப்போன மூடிகள் வழியே புது விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 22 சதவீதம்தான் வந்தது. இரவில் தெருவிளக்கு இல்லாத சாலையில் போகிறவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

'மஞ்சளாக்கம்' ஏன் போதாது என்பது இதிலேயே தெரியும். நிறம் மாறுவது பாதிதான். மஞ்சளே இல்லாமல் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மூடிகளும் உண்டு. 'ஆக்சிஜனேற்றப் படலம்' வேதியியலில் பாதியை மட்டும் சொல்கிறது. அதோடு, தமிழ்நாட்டுப் பாடநூல் ஆக்சிஜனேற்றம் என்பதை இலங்கைப் பாடநூல் ஒட்சியேற்றம் என்கிறது. அந்த வேரில் சொல்லைக் கட்டினால் பிறக்கும்போதே இரண்டாகப் பிளந்துவிடும்.

என் பரிந்துரை: வெயிற்பூ.

கருவிழியில் வெண்மையாகப் படர்வதைக் 'கண்ணில் பூ விழுந்தது' என்கிறோம். புரை என்பது உள்ளே இருக்கும் வில்லையில் வருவது, பூ வெளிப்பரப்பில் விழுவது. நமக்கு வேண்டிய வேறுபாடும் அதேதான். சுவரில் உப்பு பூத்தது, தணலில் சாம்பல் பூத்தது என்று பரப்பின்மேல் படர்வதற்கெல்லாம் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. முன்னால் 'வெயில்' சேர்த்தால் காரணமும் வந்துவிடுகிறது. 'வெயில்பூ' என்று எழுதினாலும் பொருள் கெடாது. 'பூப்பு' மட்டும் வேண்டாம், அதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது.

மூடியைப் பலர் 'வில்லை' என்று எழுதுவதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பழைய கண்ணாடியில் வரிவரியாக வார்த்து ஒளியை அதுதான் பிரித்துக் கொடுத்தது, அப்போது வில்லை என்பது சரி. இன்றைய தெளிந்த மூடி பெரும்பாலும் காவலுக்குத்தான் இருக்கிறது. புரொஜெக்டர் விளக்கில் உண்மையான வில்லை ஒன்று உள்ளே தனியாக உண்டு. ஆகவே வெளியே இருப்பது விளக்குமூடி, உள்ளே இருப்பது வில்லை. பட்டறையில் 'டூம் கண்ணாடி' என்றே சொல்வார்கள், அது பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். கையேட்டில் 'கண்ணாடி' என்று எழுதினால், கண்ணாடி துடைக்கும் எதையும் ஊற்றலாம் என்று யாராவது நினைத்துவிடக்கூடும். அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் வெள்ளையாகி வெடிப்பு விடும்.

அடுத்து, செயலுக்கான சொல். 'புதுப்பித்தல்' என்றால் லைசென்ஸ் நினைவுக்கு வருகிறது, 'மீட்டமைப்பு' கணினிக்குப் போய்விட்டது. நான் 'விளக்குத் தெளிவிப்பு' என்பேன். அதற்குள் இரண்டு வேலை: பூ எடுத்தல், காப்புப் பூச்சு. கையேடு எழுதும் நண்பர் இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்ப் பிரிக்காமல் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பூ எடுத்ததோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மூடி பளிச்சென்று ஆனதும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பழைய பூச்சு முழுக்கப் போன நிலையில் பிளாஸ்டிக் வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது, சில மாதங்களில் மறுபடி பூத்துவிடும். பற்பசையால் தேய்ப்பதும் இப்படித்தான். அதிலுள்ள மெல்லிய அரத்தன்மையால் கொஞ்சம் தெளியும், பாதுகாப்பு எதுவும் வராது. கொசுவிரட்டியை அடித்துத் துடைப்பது அதைவிட மோசம். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேல்தோலையே கரைக்கும்.

பூ எடுக்கும் வேலையில் புதுச்சொல் அதிகம் தேவைப்படாது. சுற்றியுள்ள பெயின்டைக் காக்க மாஸ்கிங் டேப், தண்ணீர் விட்டுத் தேய்க்க வாட்டர் பேப்பர். 800 அல்லது 1000 நம்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று ஏறவேண்டும். 'நம்பர்' என்பதை அப்படியே விட்டுவிடுங்கள், கடையில் 'ரெண்டாயிரம் நம்பர் பேப்பர்' என்றுதான் கேட்பார்கள். எண் கூடக்கூடத் தாள் நைசாகும் என்று ஒரு வரி மட்டும் சேர்த்தால் போதும். முதல் தாளில் மூடி முன்பைவிட வெளுத்துத் தெரியும் என்பதையும் எழுதவேண்டும். பயந்துபோய் அங்கேயே விட்டுவிடக்கூடாது. பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டு மெருகு ஏற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிசுக்கு நீக்கிக் காயவிட்டு, புறஊதாத் தடுப்புள்ள தெளிபூச்சைப் பூசவேண்டும். அது இறுகும்வரை தூசியும் ஈரமும் படாமல் இருக்கட்டும்.

'தெளிபூச்சு', 'காப்புப் பூச்சு' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாமா என்று தோழி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். பெயின்டின் மேல் அடிக்கும் சாதாரணத் தெளிபூச்சில் புறஊதாத் தடுப்பு எவ்வளவு இருக்கும் என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். பொருளுக்குத் தெளிபூச்சு, அது செய்யும் வேலைக்குக் காப்புப் பூச்சு என்று பிரித்து வைத்தால், வாங்கும்போது டப்பாவைப் படிக்கத் தோன்றும்.

பயன்பாட்டுக்குச் சில வரிகள்: 'விளக்குமூடியில் வெயிற்பூ விழுந்திருக்கிறது.' 'இது வெயிற்பூ அல்ல, உள்மூட்டம். டூமின் ரப்பரையும் காற்றுத் துளையையும் பாருங்கள்.' 'பூ எடுத்த அன்றே காப்புப் பூச்சு போடவும்.'

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் கராஜில் இதற்கு வேறு சொல் புழங்கினால் இலங்கை நண்பர்கள் எழுதுங்கள். அது இதைவிடப் பொருத்தமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.